3,200 ரூபாய் விளக்கும் 650 ரூபாய் ரிப்பேரும்

போன வருஷம் சிவராத்திரிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது புதிதாக ஒரு பெட்ரமாக்ஸ் விளக்கு வாங்கினேன். விலை 3,200 ரூபாய். அதை எரியவைக்க மதுரையில் ஒரு பெரியவரிடம் 650 ரூபாய் கொடுத்தேன். விளக்குக்கு ஐந்தில் ஒன்றரை மார்க். பெரியவரின் கடைக்கு நாலு. ஏன் ஐந்து இல்லை என்பதைப் பின்னால் சொல்கிறேன். பெட்ரமாக்ஸ் என்றாலே எல்லாரும் ஒரு சினிமாக் காமெடியைச் சொல்வார்கள். நான் சொல்லப்போவதில்லை, கடையில் எனக்கு மூன்று பேர் சொல்லியாகிவிட்டது.

முதலில் எனக்கு இதில் என்ன சம்பந்தம் என்று சொல்லிவிடுகிறேன். உசிலம்பட்டியில் பந்தல், லைட், சவுண்ட் சர்வீஸ் நடத்துகிறேன். அப்பா காலத்தில் சவுண்டு கிடையாது, லைட் மட்டும்தான். லைட் என்றால் பெட்ரமாக்ஸ். பதினாலு விளக்குகள் இருந்தன. டேங்கின் மேல் சிவப்புப் பெயிண்டில் ஒன்று முதல் பதினாலு வரை நம்பர் எழுதியிருக்கும். ராத்திரி வாடகை ஏழு ரூபாய், மண்ணெண்ணெய் தனி. மாப்பிள்ளை அழைப்புக்கு ஆறு, எழவு வீட்டுக்கு இரண்டு, வள்ளித் திருமணம் நாடகத்துக்கு மேடைக்கு முன்னால் நாலு. நாடகம் விடியும்வரை நடக்கும். நடுச்சாமத்தில் ஒரு விளக்கு மங்கினால் ஓடிப்போய்ப் பம்ப் அடிக்க வேண்டியது பத்து வயசுப் பையனான என் வேலை. நாரதர் பாடிக்கொண்டிருக்கும்போது மேடையில் ஏறி, குனிந்து பத்து அடி அடித்துவிட்டு இறங்குவேன். ஒருமுறை நாரதர் பாட்டை நிறுத்திவிட்டு எனக்கு ஆசீர்வாதம் பண்ணினார், கூட்டம் கைதட்டியது. அப்புறம் டியூப்லைட்டும் ஜெனரேட்டரும் வந்தன. அப்பா பத்து விளக்குகளைப் பித்தளை எடைக்குப் போட்டுவிட்டார். மிச்சம் நாலு பரணில் கிடக்கின்றன.

இன்றைக்கு என் கடையில் எல்லாமே எல்இடி. பிறகு எதற்குப் புது பெட்ரமாக்ஸ்? எங்கள் குலசாமி கோயில் மலையடிவாரத்தில் இருக்கிறது, கரண்ட் லைன் கிடையாது. பூசாரி என் பெரியப்பா. சாமி இறங்கும் நேரத்தில் ஜெனரேட்டர் சத்தம் கூடாது, சாமிப் பெட்டி தூக்கி வரும் வழியில் வெள்ளை லைட் கூடாது என்பது அவர் கட்டளை. பேட்டரி லைட்டுக்குச் சத்தமில்லையே என்றேன். “அது சவத்து வெளிச்சம்டா” என்றார். அதற்குமேல் பேச முடியுமா? பரணில் இருந்ததை எடுக்கச் சோம்பல், புதிது வாங்கிவிட்டேன்.

கம்பெனி பெயர் போடவில்லை. காரணம் இருக்கிறது: கடைக்காரர் மூன்று பெயரில் மூன்று டப்பாக்களைக் காட்டினார். பிரித்துப் பார்த்தால் உள்ளே மூன்றும் ஒரே விளக்கு, ஒரே இடத்தில் ஒரே கோணல். பெட்ரோமாக்ஸ் என்பதே முதலில் ஒரு ஜெர்மன் கம்பெனியின் சரக்குப் பெயர்தான். பெர்லினில் ஏரிஷ் அண்டு கிரேட்ஸ் என்ற தொழிற்சாலை, 1910 வாக்கில் இந்த விளக்கைக் கொண்டுவந்தது. பெட்ரோலியம் என்ற சொல்லோடு முதலாளி மாக்ஸ் கிரேட்ஸின் பெயரை ஒட்டினால் பெட்ரோமாக்ஸ். நம் ஊரில் எந்தக் கம்பெனி செய்தாலும் அது பெட்ரமாக்ஸ்தான்.

டப்பாவைத் திறந்ததும் கண்ணைப் பறித்தது. டேங்கில் நிக்கல் பூச்சு, முகம் பார்க்கலாம். பிடி, மூடி, தொப்பி எல்லாம் மினுமினுப்பு. டப்பாவில் 500 கேண்டில், அதாவது ஐந்நூறு மெழுகுவர்த்தி வெளிச்சம், என்று அச்சு. கூடவே ஒரு ஸ்பேனர், இரண்டு மேண்டில் (வெளிச்சம் தருகிற வலைப்பை), ஒரு புனல், ஸ்பிரிட் ஊற்ற மூக்கு வைத்த குட்டி டப்பி. இதுவரை ஐந்துக்கு ஐந்து.

குறை எங்கே ஆரம்பிக்கிறது என்று சொல்ல, விளக்கு எப்படி எரிகிறது என்று கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இதில் திரி இல்லை. டேங்கில் மண்ணெண்ணெய் ஊற்றிப் பம்ப் அடித்தால் காற்று எண்ணெயை நடுக்குழாய் வழியாக மேலே தள்ளும். அந்தக் குழாயின் மேல்பாகம் மேண்டிலை ஒட்டி ஓடுகிறது, அங்கே ஒரு வளைவும் உண்டு. சூடு வாங்குவதற்கென்றே வைத்த வளைவு. எண்ணெய் அங்கே கொதித்து ஆவியாகி, நிப்பிளின் ஊசித்துளையில் சீறிக்கொண்டு வெளியே வரும். வருகிற வேகத்தில் சுற்றியிருக்கும் காற்றையும் இழுத்துக்கொண்டு கலவைக் குழாய்க்குள் புகுந்து, வளைந்து கீழே இறங்கி, மேண்டிலுக்குள் போய் எரியும். காதில் விழும் அந்த ‘உஸ்’ சத்தம் இதுதான். ஆக, மேண்டில் எரிந்தால்தான் குழாய் சூடாகும், குழாய் சூடானால்தான் மேண்டில் எரியும். முதல் சூட்டை யாராவது கடனாகக் கொடுக்க வேண்டும். அதற்குத்தான் குழாயைச் சுற்றி ஒரு கோப்பை, அதில் ஊற்றிக் கொளுத்த ஸ்பிரிட்.

இந்தக் கடன் போதவில்லை என்றால் குழாயில் மேலே வருவது ஆவி இல்லை, பச்சை எண்ணெய். அது மேண்டிலை நனைத்துக்கொண்டு மஞ்சள் தீயாகக் கிளம்பும். கண்ணாடி கறுக்கும், தொப்பிக்கு மேல் ஒரு முழம் தீ நிற்கும். பார்க்கிறவர்கள் விளக்கு வெடிக்கப்போகிறது என்று ஓடுவார்கள். வெடிக்காது. காற்றுத் திருகைத் திறந்துவிட்டால் அழுத்தம் போய் அடங்கிவிடும். ஆனால் அந்தத் தீக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்த் திருகைத் திறக்க ஒரு ஆள் வேண்டுமே.

போன வருஷம் சிவராத்திரி ராத்திரி அந்த ஆள் நான்தான். பெட்டி கிளம்பும் நேரம், மலைக்காற்று. இரண்டு முறை ஸ்பிரிட் ஊற்றிக் கொளுத்தியும் விளக்கு தீயைத்தான் கக்கியது. உருமி அடித்தவர் நிறுத்திவிட்டார். சாமியாடி இரண்டு அடி பின்னால் போனார். பெரியப்பா, “அணைடா அந்தக் கருமத்த. சாமியே பயந்து போய் நிக்கிது” என்றார். கடைசியில் தீப்பந்தம் கட்டித்தான் பெட்டி போனது. பதினாலு விளக்கு வைத்திருந்தவர் மகன் ஒரு விளக்கை எரியவைக்க முடியாமல் நின்றதை ஊரே பார்த்தது. இப்போது மார்க்கு புரியும்.

வீட்டு மொட்டைமாடியில் வைத்துத் திரும்பத் திரும்பச் சோதித்தேன். ஐந்து தடவை கொளுத்தினால் மூன்று தடவை தீக்கக்கல். எரிந்தாலும் மேண்டிலின் ஒரு பக்கம் வெள்ளை, மறு பக்கம் செங்கல் நிறம். பம்ப் அடித்த காற்று அரைமணி நேரத்தில் இறங்கிவிடும். ஸ்பிரிட் தீர்ந்தபோது கொரோனா காலத்தில் வாங்கிப் போட்ட சானிடைசரைக் கோப்பையில் ஊற்றிப் பார்த்தேன், எரியத்தான் செய்தது. அதற்கும் பின்னால் திட்டு வாங்கினேன்.

ஆடி மாதம் தொழில் மந்தம். விளக்கைச் சாக்கில் கட்டிக்கொண்டு ஆரப்பாளையத்தில் இறங்கி, டவுன் பஸ் பிடித்துப் பெரியார் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, தெற்குமாசி வீதியோடு நடந்தேன். வீதி முடியும் முனையில் விளக்குத்தூண். ஊரைச் சுற்றியிருந்த கோட்டைச் சுவரை இடித்து வீதிகளை வெளியே விரியவிட்ட கலெக்டர் பிளாக்பர்னுக்காக நட்ட தூண் அது. மதுரைக்காரர்களுக்கு அது பஸ் ஸ்டாப்பின் பெயர், ஜவுளிக்கடைக்கு அடையாளம். விளக்கு ரிப்பேர் பார்க்க விளக்குத்தூணுக்கே போனது எனக்கு மட்டும் சிரிப்பாக இருந்தது. வெங்கலக்கடைத் தெருவில் அப்பா விளக்குகளை எடைக்குப் போட்ட கடையை விசாரித்தேன். அந்தக் கடை இல்லை. பக்கத்துப் பாத்திரக்கடையில் ஒருவர் விளக்கைப் பார்த்துவிட்டு (காமெடியைச் சொல்லிவிட்டு) ஒரு சந்தைக் காட்டினார்.

கடைக்குப் பெயர்ப்பலகை இல்லை. ஒரு ஆள் உட்காரும் அகலம், கதவுக்குப் பதில் பலகைகள். ஸ்டவ் பர்னர், அயர்ன்பாக்ஸ், கோயில் தூக்குவிளக்கு எல்லாம் தொங்குகின்றன. பெரியவருக்கு எழுபதைத் தாண்டியிருக்கும். விளக்கை வாங்கியதும் பற்றவைத்துப் பார்ப்பார் என்று நினைத்தேன். தொப்பியைக் கழற்றினார், உள்கூட்டைத் தூக்கினார், குழாயின் வளைவைப் பார்த்தார். வளைவுக்கும் மேண்டில் தொங்கும் இடத்துக்கும் நடுவே கட்டைவிரலை நுழைத்தார். தாராளமாகப் போனது.

“எண்ணெய் சரியில்லையோ ஐயா?” என்று கேட்டேன்.

“எண்ணெய் என்ன பண்ணும் தம்பி? அது கொதிக்கிறதுக்கு எடமே குடுக்கலியே.”

மாதக்கணக்கில் நான் தேடிய பதில் அந்த ஒரு வரியில் இருந்தது. புது விளக்கின் குழாய் தகரம் மாதிரி மெல்லிசு. வளைவு மேண்டிலை விட்டு விலகி நிற்கிறது. மெல்லிய குழாய் சீக்கிரம் சூடாகும், அதே வேகத்தில் ஆறியும் விடும். ஸ்பிரிட் அணைந்த நேரத்துக்கும் மேண்டில் பிடிக்கிற நேரத்துக்கும் நடுவில் ஒரு காற்று அடித்தால் போச்சு. கோப்பையும் ஆழமில்லை, அதன் தீ குழாயின் கீழ்ப்பாதியைத்தான் தொடுகிறது. கொதிக்க வேண்டிய இடம் மேலே, அடுப்பு கீழே. அசல் விளக்கைப் பார்த்துப் பார்த்து நகல் எடுத்தவர்கள் உருவத்தை எடுத்திருக்கிறார்கள். வளைவு ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்பதை விட்டுவிட்டார்கள். டேங்கின் பளபளப்புக்குச் செலவழித்ததில் கால்வாசியைக் குழாய்க்குச் செலவழித்திருந்தால் நான் மதுரைக்கு வந்திருக்கவே வேண்டாம்.

பழைய பிஸ்கட் டின் ஒன்றைக் கவிழ்த்தார். முப்பது நாற்பது குழாய்கள், எல்லாம் எடைக்கு வந்த விளக்குகளில் கழற்றியவை. ஒன்றை எடுத்து வாயில் வைத்து ஊதினார், தூக்கிப் போட்டார். நாலாவது குழாயில் காற்று போனது. கெட்டிப் பித்தளை, கையில் கனம் தெரிந்தது. அதை ஊதுவிளக்கில் காட்டிச் சிவக்கவிட்டு, கட்டையில் தட்டினார். உள்ளிருந்து கரி, மிளகுத்தூள் மாதிரி உதிர்ந்தது. ஆவியாகும்போது எண்ணெய் கொஞ்சம் கருகி உள்ளே படியத்தான் செய்யும். எந்த விளக்கும் அதற்குத் தப்பாது. நல்ல குழாயில் அந்தக் கரியைத் தட்டி எடுத்துவிட்டு மறுபடி மாட்டலாம். என் புதுக் குழாயையும் அப்படிச் சுத்தம் பண்ணலாமா என்றேன். “இத சிவக்க வச்சா உங்க கையில ஒழுகிரும்” என்றார்.

பிறகு நிப்பிள். துளை நடுவில் இல்லை, ஒரு மயிரிழை ஓரம். அதனால்தான் மேண்டிலின் ஒரு பக்கம் மட்டும் வெளுத்தது. மாற்றினார். நிப்பிளுக்கும் கலவைக் குழாய்க்கும் உள்ள இடைவெளி 14 மில்லிமீட்டர் சுமாருக்கு இருக்க வேண்டும் என்று, அந்த அளவுக்கு அறுத்து வைத்திருந்த பித்தளைத் துண்டை நடுவில் வைத்துப் பார்த்தார். குறைந்தால் காற்று போதாமல் புகையும், கூடினால் காற்று மிஞ்சித் தீ நிலைக்காது. என் விளக்கில் அது ஒன்பதோ பத்தோதான் இருந்தது. இந்த ஒன்றை மட்டும் சரிபண்ணிக்கொண்டாலே பாதி விளக்குகள் பிழைத்துக்கொள்ளும் என்பது அவர் கணக்கு. திருகித் தூக்குகிற வேலைதான், காசு செலவில்லை.

பம்பில் தோல் வாஷர் காய்ந்திருந்தது. அதைத் தேங்காய் எண்ணெயில் ஊறவைத்தால் போதும், எனக்கே தெரியும். தெரியாதது அடியில் இருக்கும் வால்வு ரப்பர். சாதா ரப்பர் போட்டிருக்கிறார்கள். மண்ணெண்ணெய் பட்டுப்பட்டு ஊறி உப்பிவிட்டது. காற்று இறங்கியதற்குக் காரணம் அது. டீசல் பம்ப் சீலில் ஒரு பொட்டு வெட்டி வைத்தார். எண்ணெய் தாங்குகிற ரப்பர்.

எனக்குப் பிடித்தது கடைசி வேலை. கோப்பையை நம்பாமல் குழாயைக் கவ்விப் பிடிக்கிற மாதிரி ஒரு கிளிப் செய்தார். இடுக்கி மாதிரி இரண்டு அரைவட்டப் பித்தளைத் தகடு, உள்ளே கண்ணாடிப் பஞ்சு. ஸ்பிரிட்டில் முக்கி, குழாயில் கவ்வவிட்டுக் கொளுத்த வேண்டும். எங்கே சூடு வேண்டுமோ அங்கேயே தீ. காற்றில் ஸ்பிரிட் சிந்தாது. “இது நம்ம யோசனையில்ல. டில்லி வெளக்குல வர்றது” என்றார். டில்லியில் இப்படி ஒன்று செய்கிறார்களா என்று கேட்டுவிட்டேன். டில்லி என்பது இங்கிலாந்து விளக்குக் கம்பெனியாம். வெள்ளைக்காரன் விட்டுப்போன மலை எஸ்டேட் பங்களா ஒன்றிலிருந்து சின்ன வயசில் அவரிடம் ரிப்பேருக்கு வந்திருக்கிறது. அதில் பார்த்ததை ஐம்பது வருஷம் கழித்து என் விளக்கில் மாட்டினார்.

சானிடைசர் விஷயத்தைச் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டார். அது பசை, எரிந்தபிறகு குழாயில் பாகு மாதிரி ஒட்டும் என்றார். மருந்துக்கடை சர்ஜிகல் ஸ்பிரிட் போதும். பெட்ரோல், தின்னர் பக்கமே போகக் கூடாது.

ஒரு இடத்தில் எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. மூடியில் ஒரு டயர் வால்வு வைத்துக் கொடுங்கள், வண்டிக்கு அடிக்கிற பம்பில் காற்றடித்துக்கொள்கிறேன் என்றேன். ஜெர்மன் பெட்ரோமாக்ஸுக்கே அப்படி வால்வு வைத்த இணைப்பு விற்கிறார்கள், இன்டர்நெட்டில் பார்த்திருக்கிறேன். முடியவே முடியாது என்றுவிட்டார். “அவன் டேங்க் வேற, ஒங்க டேங்க் வேற. மீட்டர் முள்ளு பொய் சொல்லுது, அடிச்சுக்கிட்டே இருப்பீங்க.” டேங்கின் அழுத்தம் காட்டும் மீட்டர் முள் பொய் சொன்னது நிஜம்தான், காற்றே இல்லாதபோதும் சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் நின்றது. மீட்டரை மாற்றினார். வால்வு வைக்கவில்லை. இப்போது யோசித்தால் அவர் சொன்னது சரி, ஆனாலும் என் தோள்பட்டை ஒப்புக்கொள்ளவில்லை.

வந்த பிறகு அதே மொட்டைமாடி, அதே ஆடிக்காற்று. கிளிப்பைக் கவ்வவிட்டு ஒன்றரை நிமிஷம், எண்ணெய் திறக்கும் சக்கரத்தைத் திருப்பினால் ‘பப்’ என்று ஒரு சத்தம், மேண்டில் முழுக்க வெள்ளை. பத்து தடவை கொளுத்தினேன், ஒரே ஒரு தடவை தீக்கக்கல். அதுவும் என் அவசரம், கிளிப் அணைவதற்குள் திறந்துவிட்டேன். ஒரு லிட்டர் ஊற்றி ஏழே முக்கால் மணி நேரம் எரிந்தது, நடுவில் நாலு முறை பம்ப் அடித்தேன். 500 கேண்டில் என்ற அச்சை நம்ப வேண்டாம். என் கண்ணுக்கு நல்ல குண்டு பல்பு இரண்டு எரிந்த மாதிரி. ஆனால் அந்த வெளிச்சத்துக்கு ஒரு சாயல் உண்டு. பத்து வயசில் மேடையில் குனிந்தபோது முகத்தில் அடித்ததே, அதுதான். பெரியப்பா சொன்ன சவத்து வெளிச்சம் என்ன என்பது அப்போது புரிந்தது.

மேண்டில் பற்றி ஒரு வார்த்தை. கூடவந்த இரண்டில் ஒன்று கட்டும்போதே நூல் விட்டது. உறையிலிருந்து எடுக்கும்போது வெறும் துணிப்பைதான். ஒருமுறை கொளுத்தியதும் துணி எரிந்துபோய் அதில் ஊறியிருந்த உப்பு மட்டும் சாம்பல் கூடாக நிற்கும். ஆவி எரிகிற சூட்டில் ஒளிர்வது அந்தச் சாம்பல்தான். கார்ல் ஆவர் ஃபொன் வெல்ஸ்பாஹ் என்ற ஆஸ்திரியா நாட்டு வேதியியல்காரர் 1885இல் முதலில் செய்த மேண்டில் பச்சை வெளிச்சம் கொடுத்து விலைபோகவில்லை. 1891இல் தோரியம் ஆக்சைடு 99 பங்கு, சீரியம் ஆக்சைடு ஒரு பங்கு என்று மாற்றினார், அதோடு உலகமெல்லாம் வெள்ளை வெளிச்சம். அந்த ஒரு பங்கு சீரியம் இல்லாவிட்டால் வெளிச்சம் சொற்பம். தோரியம் நமக்குத் தூரத்துச் சரக்கும் இல்லை. 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன்காரர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் தோரியம் உள்ள மோனசைட் என்ற கனிமத்தைக் கண்டுபிடித்துத்தான் மணவாளக்குறிச்சிக்கு வந்தார். இன்றைக்குக் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிற அதே மணவாளக்குறிச்சி. தோரியத்துக்குக் கொஞ்சம் கதிரியக்கம் உண்டு என்பதால், உடைந்த மேண்டில் தூளை ஊதித் தள்ளாதீர்கள். நாங்கள் சின்ன வயசில் ஊதித்தான் தள்ளினோம்.

வீட்டுக்கு ஒன்று வாங்கலாமா என்று கேட்டால், வேண்டாம். ஒரு லிட்டர் மண்ணெண்ணெயில் இருக்கும் சூடு ஏறக்குறைய 10 யூனிட் கரண்டுக்குச் சமம். எட்டு மணி நேரத்தில் அதை எரிப்பது, ஒரு கிலோவாட்டுக்கு மேற்பட்ட ஹீட்டரை ராத்திரி முழுக்க ஓடவிட்ட மாதிரி. அதே 10 யூனிட்டில் என் கடையின் 20 வாட் எல்இடி ஐந்நூறு மணி நேரம் எரியும். பெட்ரமாக்ஸ் வெளிச்சம் தருவது ஓரத் தொழில், சூடு தருவதுதான் முழுநேர வேலை. மகாராஷ்டிரத்தில் பல்டண் என்ற ஊரில் நிம்ப்கர் வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் அனில் ராஜ்வன்ஷி என்பவர் இந்த விளக்கைத் திருத்தி, மண்ணெண்ணெய், டீசல், எத்தனால் மூன்றிலும் எரிகிற ‘நூரி’ என்ற விளக்கைச் செய்தார். பிறகு வீணாகிற சூட்டிலேயே சமைக்கிற ‘லேன்ஸ்டவ்’ என்ற விளக்கடுப்பும் வந்தது. படித்தபோது, நாடகக் கொட்டகையில் அப்பா விளக்குத் தொப்பியின் மேல் டம்ளரை வைத்து டீ சூடு பண்ணியது ஞாபகம் வந்தது.

மண்ணெண்ணெயும் இப்போது லேசில் கிடைப்பதில்லை. ரேஷனில் வரும் நீல எண்ணெயில் விளக்கு எரிகிறது, ஆனால் துணியில் வடிகட்டாமல் ஊற்றினால் ஊசித்துளை அடைக்கிறது. மழைக்கு மறுநாள் ஈசல் பிடிக்க வேண்டும், மின்சாரம் இல்லாத கோயிலுக்கு வேண்டும், அல்லது என்னைப் போல ஒரு பெரியப்பா இருக்கிறார் என்றால் வாங்குங்கள். வாங்கும்போது டேங்கைப் பார்க்காதீர்கள். தொப்பியைக் கழற்றச் சொல்லி, வளைவுக்குப் பக்கத்தில் விரலை வைத்துப் பாருங்கள். கட்டைவிரல் தாராளமாகப் போனால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சரி, பெரியவர் கடைக்கு ஏன் ஒரு மார்க் குறைத்தேன்? மூன்று நாளில் தருகிறேன் என்று சொன்னவர் பதினோரு நாள் எடுத்துக்கொண்டார். இரண்டு முறை உசிலம்பட்டியிலிருந்து வெறுங்கையோடு போய்த் திரும்பினேன், ஒரு முறை கடையே மூடியிருந்தது. போன் இருக்கிறது, எடுப்பதில்லை. பில் கிடையாது. பற்றவைத்த இடத்தில் ஈயம் வழிந்து நிக்கல் பூச்சு கறுத்துவிட்டது. அதைச் சொன்னதற்கு “வெளக்கப் பாக்கப் போறீங்களா, வெளிச்சத்தப் பாக்கப் போறீங்களா?” என்றார். கேள்வி நியாயம்தான், கறை போகவில்லை. 650 ரூபாயில் குழாய், நிப்பிள், மீட்டர், வால்வு ரப்பர், கிளிப், கூலி எல்லாம் அடக்கம். நான் கூடக் கொடுத்ததை வாங்கவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: காலை பதினொரு மணிக்கு முன்னால் போகாதீர்கள், பலகையே எடுத்திருக்க மாட்டார். விளக்கை எண்ணெயோடு கொண்டுபோக வேண்டாம், டேங்கைக் காலி பண்ணிவிடுங்கள், பஸ்ஸில் கண்டக்டர் சத்தம் போடுவார். அவசரம் என்றால் முதலிலேயே இரண்டு வாரம் கணக்குப் பண்ணிக்கொள்ளுங்கள். அவருக்குப் பக்கத்தில் உட்கார இன்னொரு ஆள் இல்லை. மகன் செல்போன் கடையில் இருக்கிறாராம்.

இந்த வருஷம் சிவராத்திரிக்கு அதே விளக்குதான். காற்று போன வருஷத்தைவிடக் கூடுதல். சாமியாடி என்னைப் பார்த்ததும் முன்னெச்சரிக்கையாக இரண்டு அடி தள்ளி நின்றார். ஒரே தடவையில் பிடித்தது. பெட்டி கோயிலைவிட்டுக் கிளம்பிக் கண்மாய்க் கரை சுற்றித் திரும்பும்வரை அணையவில்லை. தூக்கி வந்த பையன் மட்டும் தலைச் சும்மாட்டுக்கு மேல் சூடு தாங்காமல் இரண்டு முறை கைமாற்றினான். பெரியப்பா ஒன்றும் சொல்லவில்லை. விடிந்ததும் விளக்கைக் கையில் வாங்கி டேங்கைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “நம்பர் போடலியா?” என்று மட்டும் கேட்டார்.

பரணில் இருக்கும் நாலில் ஒன்பதாம் நம்பரின் குழாய் இன்னும் கெட்டியாக இருக்கிறது, தட்டிப் பார்த்தேன். பெரியவரிடம் சொன்னபோது, அதில் புதுசாக எதையும் மாட்டத் தேவையிருக்காது, கரியை எடுத்து ரப்பரை மாற்றினால் போதும் என்றார். அடுத்த வாரம் எடுத்துக்கொண்டு போகிறேன். மேண்டிலைக் கழற்றிவிட்டு வரச் சொன்னார். கழற்ற அதில் ஒன்றும் இல்லை, எப்போதோ உதிர்ந்துவிட்டது.